ஐந்து ரூபாய் அளவுத் தழும்பு: கடலூர் முதுநகரில் ஒரு ஃபைபர் படகின் உள்காயம்

மாமா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. படகின் வெளிப்பூச்சான நீல ஜெல் கோட் அங்கே மட்டும் கொஞ்சம் மங்கி, அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் இரண்டு வளையக் கீறல்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். "இந்தக் கீறலுக்கா படகு தண்ணி வாங்குது? வேற எங்கயோ ஓட்டை இருக்கும், நல்லாப் பாரு மாப்ள" என்றார்.

வேறு எங்கும் ஓட்டை இல்லை. அந்தத் தழும்புக்கு நேர் பின்னால், படகின் உள்பக்கத்தில், 24 சென்டிமீட்டர் நீளத்துக்கும் 16 சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஃபைபர் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. அதை முழுதாகக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது. முதல் தடவை பாதிக்கு மேல் தவறவிட்டேன். எப்படித் தவறியது, அப்புறம் எப்படிப் பிடிபட்டது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கரை நெடுக இன்று நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இதே காயத்தோடு எத்தனை படகுகள் கடலுக்குப் போய் வருகின்றனவோ என்ற கவலையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

படகும் அதன் குறையும்

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் கட்டி நிறுத்தும் படகு. 28 அடி. மாமா 2004 சுனாமி வரை கட்டுமரத்தில் போனவர். அதற்குப் பிறகு ஊரோடு சேர்ந்து ஃபைபருக்கு மாறினார். இது அவருடைய இரண்டாவது படகு, வாங்கி ஆறு வருடம்.

ஜனவரியில் குறை தெரிய ஆரம்பித்தது. கரைக்கு வரும்போதெல்லாம் இரண்டு வாளித் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், அலையில் விழும்போது வலப்பக்கம் 'தொம்' என்று புதிதாக ஒரு சத்தம். உள்ளே அந்த இடத்தில் முழங்காலை ஊன்றினால் லேசாக அமுங்கி எழுகிறது என்று வலை இழுக்கும் பையன் சொன்னான். மாமா இரண்டு தடவை வெளிப்பக்கம் புட்டி வைத்துப் பூசிப் பார்த்தார். பத்து நாள் தாங்கியது, மறுபடி தண்ணீர்.

நான் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அல்ட்ராசோனிக் சோதனை, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி அதன் எதிரொலியைப் பார்க்கும் சோதனை, செய்பவன். குழாய், கொதிகலன், தொட்டி என்று இரும்பின் தடிமனை வெளியிலிருந்தே அளப்பது என் அன்றாட வேலை. ஃபைபர் ரசாயனத் தொட்டிகளும் சில பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் 'பிப்ரவரி முதல் ஞாயிறு வந்து பார்க்கிறேன்' என்றேன்.

அடி பட்ட பக்கம் ஏன் பொய் சொல்கிறது

இதைப் புரியவைக்க மாமாவிடம் ஒரு பழைய தகர டப்பாவையும் படகு ஃபைபரின் துண்டு ஒன்றையும் காட்டினேன். தகரத்தைச் சுத்தியலால் அடித்தால் நசுங்கும், நசுங்கினது நசுங்கினபடியே நிற்கும். எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்று பள்ளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபைபர் அப்படி நசுங்காது. வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். ஆனால் அடியின் வேகம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே? அது உள்ளே போகிறது. இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பிசினான ரெசினில் சின்னச் சின்ன வெடிப்புகளாகவும், ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் பிரிவுகளாகவும் போகிறது.

படகுச் சுவர் என்பது ஒரே பொருள் இல்லை. வெளியே அரை மில்லிமீட்டர் ஜெல் கோட். அதன் பின்னால் நறுக்கிய கண்ணாடி இழைகளால் ஆன மேட், நெய்த துணி மாதிரி இருக்கும் ரோவிங், மறுபடி மேட், மறுபடி ரோவிங். ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து ரோலரால் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். இழை இருக்கும் திசையில் பலம் அதிகம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இருப்பது வெறும் ரெசின், அங்கேதான் பலம் குறைவு.

வெளியிலிருந்து கல் இடிக்கும்போது சுவர் உள்நோக்கி வளைகிறது. வெளிப்பக்கம் அமுக்கப்படுகிறது, உள்பக்கம் இழுபடுகிறது. அதிகமாக இழுபட்ட பக்கத்தில் ரெசின் முதலில் வெடிக்கிறது. அந்த வெடிப்பு அடுத்த அடுக்கின் எல்லைக்கு வந்ததும் திரும்பி, அடுக்குகளுக்கு நடுவில் பக்கவாட்டில் ஓடுகிறது. இதனால் காயம் ஒரு புனல் மாதிரி ஆகிவிடும். அடி விழுந்த பக்கம் குழாய் முனை போலச் சின்னதாக, பின்பக்கம் வாய் போல அகன்று. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தக் குழாய் முனை மட்டுந்தான்.

கீறலின் வடிவமும் ஒரு செய்தி சொல்லும். ஜெல் கோட்டில் வளைய வளையமாகக் கீறல் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே அடி விழுந்திருக்கிறது. நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிப் பரவினால், மறுபக்கத்திலிருந்து வந்த அடி. படகுக்குள் நங்கூரம் விழுந்தால் வெளியே நட்சத்திரக் கீறல் தெரியும். மாமாவின் படகில் இருந்தது வளையம்.

முதல் ஞாயிறு

வெள்ளிக்கிழமை வரை கடலில் இருந்த படகை சனிக்கிழமை மாலை டிராக்டர் வைத்து ஏற்றியிருந்தார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனேன். தழும்பைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் கட்டம் கட்டமாகச் சாக்பீஸால் கோடு போட்டு, சின்னப் பித்தளைச் சுத்தியலால் கட்டத்துக்கு நான்கு தட்டு வீதம் தட்டிக்கொண்டு வந்தேன்.

தட்டிப் பார்ப்பது என்றதும் சிலர் இளக்காரமாக நினைப்பார்கள். விமான நிறுவனங்களின் பராமரிப்புக் கூடங்களிலும் இன்றுவரை நாணயம் வைத்துத் தட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. நல்ல இடத்தில் சுத்தியல் முனை பட்டவுடன் எகிறிவிடும், சத்தம் கூர்மையாக வரும். பிரிந்த இடத்தில் மேல் அடுக்கு தனியாக நிற்பதால் விறைப்பு குறைவு. முனை கொஞ்ச நேரம் கூடுதலாக ஒட்டி நின்று வரும், சத்தத்தின் கூர்மை போய்விடும். மாமாவுக்கு இதை விளக்க நான் பாடுபடவே இல்லை. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்கியவர் அவர். காய் என்றால் 'டங்', பழம் என்றால் 'தொப்'. இரண்டு கட்டம் தட்டியதும் "இங்க பழுத்திருக்கு மாப்ள" என்று அவரே காட்டினார்.

அன்றைக்கு ஏழு கட்டங்களில் 'தொப்' கேட்டது. அல்ட்ராசோனிக் கருவியில் பார்த்தபோதும் ஏறக்குறைய அவ்வளவுதான் காட்டியது. ஏழு கட்டம் என்றால் ஒரு கை விரித்த அளவுகூட இல்லை. 'சின்னக் காயம், மேலே வெட்டி ஒட்டினால் போதும்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு சின்னக் காயத்துக்கு முழங்கால் ஊன்றினால் அமுங்குமா? பையன் சொன்ன அமுங்கலும் என் கட்டக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. இரவு உட்கார்ந்து என்னென்ன செய்தேன் என்று வரிசையாக எழுதிப் பார்த்தபோது மூன்று தப்பு தெரிந்தது.

படகு ஈரமாக இருந்தது. அதுதான் பெரிய தப்பு. அல்ட்ராசோனிக் ஒலி காற்று இடைவெளியைத் தாண்டாது, கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். அதனால்தான் பிரிவு நமக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில் கடல் தண்ணீர் புகுந்து நிறைந்திருந்தால் ஒலியில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகக் கடந்து பின்சுவர் வரை போய்த் திரும்பும். கருவி 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும். தட்டும்போதும் தண்ணீர் அடுக்குகளை இணைத்துக்கொண்டு சத்தத்தை மறைக்கும்.

இரண்டாவது, வெளிப்பக்கம் மட்டுமே தட்டினேன். சுவர் 8 மில்லிமீட்டர். பெரிய பிரிவு உள்பக்கத்தை ஒட்டி இருக்கும் என்று வாயால் மாமாவுக்குச் சொல்லிவிட்டு, கையால் எதிர்ப்பக்கத்தைத் தட்டியிருக்கிறேன். ஆழத்தில் இருக்கும் பிரிவைத் தட்டும் சத்தம் எட்டிப் பிடிக்காது. உள்ளே ஐஸ் பெட்டியும் வலையும் அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றை எடுக்கச் சொல்லச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்துக்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, வங்கு, அதாவது படகுச் சுவரைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம். தழும்பிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ளே ஒரு வங்கு ஓடுகிறது. வங்கு ஒட்டிய இடம் இயல்பாகவே விறைப்பாக இருக்கும், தட்டினால் 'டங்' என்றுதான் வரும். அங்கே சத்தம் மாறியபோது 'வங்கு வந்துவிட்டது, இதற்கு மேல் நல்ல இடம்' என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் மாமாவுக்கு போன் செய்து, நான் சொன்னது தப்பு, ஒட்ட வேண்டாம், படகை ஒரு வாரம் காய விடுங்கள் என்றேன். சீசனில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மாப்ள, முழுசா பாத்துருவோம்" என்றார்.

இரண்டாம் ஞாயிறு

இந்தத் தடவை படகு எட்டு நாள் வெயிலில் காய்ந்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் இறக்கினோம். முதலில் உள்பக்கப் பெயிண்டை அந்த இடத்தில் மட்டும் தேய்த்து எடுத்தோம். அதன் அடியில் தெரிந்ததை நான் மறக்க மாட்டேன். பெயிண்ட் போன நல்ல ஃபைபர் கண்ணாடிப் பாட்டில் மாதிரி லேசான பச்சையில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். தழும்புக்குப் பின்னால் அது வெளுத்திருந்தது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் பட்டதும் வெளுக்குமே, அந்த மாதிரி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது வெளுப்பின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ரோவிங்கின் பின்னல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்னச் சின்னச் சிலுவைகளாக வெளுத்துக் கிடந்தது. உள்ளே வெடித்த ரெசினிலும் பிரிந்த அடுக்குகளிலும் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் வெளுப்பு அது. பெயிண்ட் அடிக்காத படகாக இருந்திருந்தால் நவம்பரிலேயே யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அப்புறம் உள்ளிருந்து தட்டினோம். ஏழு கட்டம் பதினேழு கட்டம் ஆயிற்று. வங்கின் மேலேயே ஒரு சாண் நீளத்துக்கு 'தொப்'. வங்கை ஒட்டியிருந்த இடமும் பாதி விட்டிருந்தது.

கருவியையும் இந்தத் தடவை ஒழுங்காகச் சரிசெய்தேன். இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். கண்ணாடி ஃபைபரில் அதில் பாதிகூட இல்லை, அதுவும் படகுக்குப் படகு மாறும். படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டை இருக்கிறதல்லவா, அங்கே சுவரின் தடிமனை வெர்னியர் வைத்து நேராக அளக்கலாம். 8.2 மில்லிமீட்டர் இருந்தது. அதே இடத்தில் கருவியும் 8.2 காட்டும் வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன், 2,600-க்குப் பக்கத்தில் நின்றது. இரும்புக்கு வைத்த அளவிலேயே விட்டிருந்தால் 18.6 என்று காட்டியிருக்கும். நாங்கள் இரும்புக்கு வழக்கமாக எடுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபின் (சுவரில் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் முனை) ஒலி, கண்ணாடி இழைகளில் பட்டுச் சிதறி ஒன்றுமில்லாமல் போய்விடும். 1 மெகாஹெர்ட்ஸ் இரட்டைப் படிக ப்ரோப் எடுத்துக்கொண்டேன்.

நல்ல இடத்தில் ஒலி போய்த் திரும்ப 6.3 மைக்ரோ நொடி, திரையில் பின்சுவர் எதிரொலி, அதாவது சுவரின் மறுபக்கம் வரை போய்த் திரும்பும் ஒலி, பளிச்சென்று நின்றது. வெளிப்பக்கத்தில் தழும்பை நோக்கி ப்ரோபை நகர்த்தும்போது அந்த எதிரொலி குறுகிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று மறைந்தது. அதற்கு முன்னால் 6 மில்லிமீட்டர் ஆழத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. இன்னும் நகர்த்தினால் 5, தழும்புக்கு நேர் கீழே 3. புனலின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறுகிற மாதிரி இருந்தது. பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

யார் சொல்லவில்லை

அவன்தான் மாமாவின் இளைய மகன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், மாமா டீ வாங்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னான். "மச்சான், நவம்பர்ல ஒருக்கா முகத்துவாரத்துல அலை தூக்கிக் கல்லுல சாத்திருச்சு. நான்தான் ஓட்டுனேன். கரைக்கு வந்து பாத்தேன். கையால தடவுனா ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். அப்பா திட்டுவார்னு சொல்லல. ஒரு மாசத்துல குழியும் காணல."

அவன் சொன்ன குழி உண்மை. ரெசின் மெல்ல மெல்ல இளகித் திரும்பும் தன்மை உள்ளது. அடி பட்ட அன்று விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் நாளாக ஆக, வெயிலிலும் ஈரத்திலும் ஆழம் குறைந்துவிடும். விமான உலகில் இதை நன்றாக அறிந்து கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளம் போய்விடும், பிரிவு போகாது. மூன்று மாதம் ஒவ்வொரு அலையிலும் அந்த இடம் உள்ளே வெளியே அசைந்து, பிரிவின் ஓரங்களை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்திருக்கிறது.

மாமா வந்ததும் அவனே சொன்னான். மாமா திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே ஏத்தியிருப்போம்டா" என்றார். பையனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தச் சின்னப் படகில் நடந்ததுதான் பெரிய இடங்களிலும் நடக்கிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கட்டமைப்பின் எடையில் சுமார் பாதி கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருள்கள். கார்பன் ஃபைபர் தகடு ஒன்றில் இப்படி ஓர் உள்காயம் பட்டால், அமுக்கும் சுமையைத் தாங்கும் அதன் பலம் பாதிக்கும் கீழே இறங்குவது உண்டு. அதை அளக்கவே ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பு டி7136, டி7137 என்று அடுத்தடுத்துச் செய்யும் இரண்டு சோதனை முறைகள் வைத்திருக்கிறது. 100-க்கு 150 மில்லிமீட்டர் தகட்டின் மேல் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை முனையோடு ஓர் எடையை விழவிட்டு, பிறகு அந்தத் தகட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் காயத்தோடு விமானம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டே வடிவமைக்கிறார்கள். ஆனால் நிலையத்தில் சாமான் வண்டி பலமாக மோதினால் அது அந்தக் கணக்குக்கு வெளியே போய்விடும். அங்கே ஒரே பாதுகாப்பு, வண்டி ஓட்டியவர் உடனே சொல்வதுதான். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு வழிகாட்டுதலில் சேதங்களை ஐந்து வகையாகப் பிரித்து, ஐந்தாம் வகையை இப்படி ஆள் சொல்லித்தான் தெரிய வேண்டியது என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற முக்கால் கிலோ நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பனில் கார்பன் சேர்த்த கூட்டுப்பொருள். மோதியதைப் படத்தில் பார்த்தார்கள். விண்ணில் இருந்த பதினாறு நாளில் அந்த இடத்தை நேராக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிப்ரவரி 1 அன்று ஏழு பேரும் திரும்பி வரவில்லை. 2005-இல் மறுபடி பறந்தபோது, விண்ணிலேயே இறக்கை விளிம்பைச் சோதிக்க லேசர் பொருத்திய நீளமான கை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒட்டியது

பழுது பார்த்தவர் முதுநகரிலேயே ஃபைபர் வேலை செய்யும் ஓர் அண்ணன். அவர் கைவேலை சுத்தம். வெளியே மைக்கா ஷீட்டில் மெழுகு தடவி அணை கொடுத்து, உள்ளிருந்து பிரிந்த அடுக்குகளையெல்லாம் கிரைண்டரில் எடுத்தார். வெளுப்பு முழுதும் போகும் வரை எடுக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுற்றிலும் சரிவாகத் தேய்த்தார். 8 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டர் சரிவு. 24-க்கு 16 காயத்துக்கு 44-க்கு 36 குழி. மாமா முகம் வாடியது. செங்குத்தாக வெட்டி ஒட்டினால் ஒட்டு நிற்பது ஓரத்தில் மட்டும், சரிவாக ஒட்டினால் பரப்பு முழுவதும் பிடிக்கும் என்று அந்த அண்ணன்தான் பொறுமையாகச் சொன்னார்.

இரண்டு இரவு பல்பு எரியவிட்டுக் காயவைத்து, அசிட்டோனில் துடைத்து, சின்ன அடுக்கு முதலில், பெரியது கடைசியில் என்று மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றி வைத்தார். வெயில் ஏறிவிட்டதால், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் தாங்களே செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ஆக்சிலரேட்டரையும் (இறுகுவதை வேகப்படுத்தும் பொருள்) கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். வங்கைத் தனியாக எடுத்து மறுபடி ஒட்டினார். கூலி, பொருள், ஒரு மாதம் போகாத கடல் எல்லாம் சேர்த்தால் நவம்பரிலேயே பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு.

மார்ச் நடுவில் படகு தண்ணீருக்குப் போனது. சத்தம் இல்லை, தண்ணீர் இறைக்கும் வேலை இல்லை.

ஏப்ரல் நடுவில் படகை ஏற்றி, ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி உள்ளிருந்து தட்டினோம். பதினேழு கட்டமும் 'டங்'. வங்கின் கீழ் முனையில், பழைய காயத்துக்கு வெளியே, ஒரே ஒரு கட்டத்தில் சத்தம் கொஞ்சம் மந்தம். கருவியில் பின்சுவர் எதிரொலி அங்கேயும் நிற்கிறது, ஆனால் உயரம் குறைவு. பசை கொஞ்சம் தடிமனாக நின்ற இடமாக இருக்கலாம், பிரிவின் தொடக்கமாகவும் இருக்கலாம். மாமாவின் மகன் அந்தக் கட்டத்தைப் பெயிண்டால் சுற்றி வரைந்து, உள்ளே தேதி போட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைச் சுத்தியல் கயிற்றில் தொங்குகிறது. ஜூன் 15-க்கு முன்னால் இன்னொரு தடவை தட்டிவிட்டு போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.